ஏரிக்கரையில் ரெண்டு ராத்திரி: கூடாரத்தைத் தண்ணியை ஒட்டிப் போடலாமா?

மழைக்குருவி:
நானும் என் மனைவியும் முதல் தடவையா ஏரிக்கரையில கூடாரம் போட்டுத் தங்கப் போறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்புற மாதிரி. அவளுக்குப் படகு ஓட்டணும், நீச்சலடிக்கணும், அந்த ஊர்க்காரங்க என்ன சாப்பிடுறாங்களோ அதைச் சாப்பிடணும். எனக்கு ஒரே ஆசைதான். காலையில ஜிப்பைத் திறந்தா தண்ணி கண்ணு முன்னாடி இருக்கணும். அதனால கரையை ஒட்டியே போடலாம்ங்கிறேன், அவ வேண்டாங்குறா. ஏன்னு கேட்டா "எனக்குச் சரியாப் படல"ங்குறா. கயாக்கும் (துடுப்புப் போடுற சின்னப் படகு) ரெண்டு பேருக்கு ஒண்ணா, தனித்தனியா எடுக்கிறதான்னு குழப்பம். மூணு வேளையும் அங்கயே சமைக்கச் சாமான் கட்டிக்கிட்டு இருக்கேன். எதையாவது விட்டுட்டேனா?

கரைமேல்காத்து:
உங்க வீட்டம்மா சொல்றதுதான் சரி. காரணத்தை நான் சொல்றேன், அவங்க சொன்னதாவே வெச்சுக்குங்க.

ராத்திரியில குளிர்ந்த காத்து கனமாகி, சரிவுல இறங்கிப் பள்ளத்துல போய்த் தேங்கும். ஏரி இருக்கிற இடமே பள்ளம்தான். தண்ணியில இருந்து எழும்புற ஈரமும் அங்கதான் நிக்கும். கரையை ஒட்டிப் படுத்தா விடியக்காலம் கூடாரத் துணியோட உள்பக்கம் சொட்ட ஆரம்பிச்சுடும். குளிருதுன்னு காத்துப்போக்கு ஜன்னலையும் மூடிட்டா உங்க ரெண்டு பேர் மூச்சோட ஈரமும் சேர்ந்துக்கும். பலரும் "கூடாரம் ஒழுகுது"ன்னு கடையில போய்ச் சண்டை போடுறாங்களே, அதுல பாதி இந்தக் கதைதான். தண்ணியில இருந்து 60 மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடா இருக்கிற இடத்தைப் பாருங்க. எட்டி நடந்தா எழுபது தப்படி வரும். ராத்திரி தண்ணி குடிக்க வர்ற விலங்குகளுக்கும் வழி கிடைக்கும். வாசலை ஏரிப் பக்கம் வெச்சுக்கிட்டா உங்க ஆசையும் நிறைவேறிடும், மேட்டுல இருந்து ஏரி இன்னும் நல்லாத்தான் தெரியும்.

காத்தைப் பத்தி ஒண்ணு. பகல்ல நிலம் சீக்கிரம் சூடாகுறதால பெரிய ஏரிகள்ல காத்து தண்ணியில இருந்து கரைக்கு வரும், மதியத்துக்கு மேல வேகம் பிடிக்கும். ராத்திரி அப்படியே திரும்பி, கரையில இருந்து ஏரிக்குப் போகும். அதனால அடுப்பைக் கூடாரத்துக்கும் ஏரிக்கும் நடுவுல, நல்லாத் தள்ளி மூட்டுங்க. புகை தண்ணிப் பக்கம் போயிடும். படகுக்குக் காலை நேரம்தான் சரி, தண்ணி கண்ணாடியா இருக்கும். கிளம்பும்போது காத்தை எதிர்த்துப் போங்க, களைச்சுத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கிட்டு வரும்.

ரெண்டு பேர் கயாக்கே எடுங்க. யாருக்குத் தோள்பலம் அதிகமோ அவங்க பின்னாடி, ஏன்னா திருப்புறது பின்னாடி இருக்கிறவங்க கையிலதான். முன்னாடி இருக்கிறவங்க போடுற தாளத்துக்குப் பின்னாடி இருக்கிறவங்க துடுப்புப் போடணும். முன்னாடி இருக்கிறவங்களால திரும்பிப் பார்க்க முடியாதில்லையா. இது புரிஞ்சா முக்கால்வாசிச் சண்டை வராது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்குங்க, மடியில வெச்சுக்கிட்டுப் போறவங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். வெயில் அடிச்சாலும் ஏரித் தண்ணி சில்லுனு இருக்கலாம். திடீர்னு விழுந்தா நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களுக்கும் மூச்சு வாங்கிடும்.

மூணு வேளைச் சமையலா? விட்டுடுங்க! பாத்திரம் கழுவியே பொழுது போயிடும். மதியச் சாப்பாடு பக்கத்து ஊர்ல. எந்த இடத்துல உள்ளூர்க்காரங்க கூட்டமோ அங்க போய், "இன்னைக்கு என்ன இருக்கு"ன்னு கேட்டாப் போதும். ராத்திரிக்கு மட்டும் நீங்க சமைங்க. காலையில வலை இழுத்துட்டு வர்றவங்க இருந்தா அவங்ககிட்டயே மீனைச் சுத்தம் பண்ணி வாங்கிடுங்க, எப்படிச் சமைப்பீங்கன்னும் கேளுங்க. அந்த ஊர் ருசி அந்தப் பதில்லதான் இருக்கு. சுடுறதா இருந்தா தீயில வைக்காதீங்க, தழல்ல வைங்க. முள்ளை ஒட்டின சதை கண்ணாடி மாதிரித் தெரியாம வெளுத்து, இதழிதழாப் பிரியணும். அடுப்புக்குத் தண்ணியில கிடந்த கல்லை எடுக்காதீங்க. உள்ளே ஊறின ஈரம் ஆவியாகி வெடிச்சுத் தெறிக்கும்.

தழல்கட்டை:
மேல சொன்னதோட தண்ணியைச் சேர்த்துக்குங்க. ஏரித் தண்ணியைக் குடிக்கிறதா இருந்தா தளதளன்னு கொதி வந்து 1 நிமிஷம் கொதிக்கணும். கடல் மட்டத்துல இருந்து 2,000 மீட்டருக்கு மேல இருக்கிற இடம்னா 3 நிமிஷம். ஆனா தண்ணி மேல பச்சை பெயிண்டைக் கொட்டின மாதிரி ஏடு படிஞ்சிருந்தா அது நீலப்பச்சைப் பாசியா இருக்கலாம், அதோட நஞ்சு கொதிக்க வெச்சாலும் போகாது. அந்தப் பக்கம் குளிக்கவும் வேணாம். சோப்பு எதுவா இருந்தாலும் ஏரிக்குள்ள போடாதீங்க, "இயற்கை" சோப்பும் அப்படித்தான். தண்ணியை மொண்டு தள்ளிக் கொண்டுபோய்க் கழுவுங்க. கழிப்பறை இல்லாத இடம்னா ஒரு சின்ன மண்வெட்டி எடுத்துக்குங்க. அதே 60 மீட்டர் தூரம், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி. அவகிட்டப் படிச்சுக் காட்டினேன், முதல் வரியை ரெண்டாவது தடவையும் படிக்கச் சொன்னா. ராத்திரி மழை வந்துட்டா அடுப்பைக் கூடாரத்துக்குள்ள எடுத்துக்கலாமா? இல்ல, குளிருக்குத் தழலை மட்டும் ஒரு சட்டியில?

கரைமேல்காத்து:
ரெண்டும் கூடாது. தழல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது, உயிர் போயிடும். தீ அணைஞ்சு வெறும் கரி கனன்னுக்கிட்டு இருந்தாலும் அதே ஆபத்துதான். குளிர் முக்கால்வாசி தரையில இருந்துதான் ஏறும், அதனால மேல ரெண்டு போர்வை போத்துறதை விட அடியில நல்ல ஃபோம் மெத்தை போடுங்க. மழைக்குச் சமைக்காம சாப்பிடுற மாதிரி ஒரு வேளைக்கு வாங்கி வெச்சுக்குங்க. இடி கேட்டா தண்ணியில இருந்து உடனே ஏறி காருக்குள்ள போயிடுங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் இறங்க வேணாம்.

மழைக்குருவி:
சரி, ஃபோம் மெத்தை நாளைக்கே வாங்கிடுறேன். கயாக்ல யாரு பின்னாடிங்கிறதுதான் இங்க இன்னும் முடிவாகல.