ஷேப்ஃபைலை டேபிளாகத் திறக்கப் போய்...

நிலவளவன்:
ஏரி எல்லைகள் ஒரு ஷேப்ஃபைலில் (வரைபடத் தரவுக் கோப்பு வகை) இருந்தன. மாதாமாதம் மாறும். ஒவ்வொரு தடவையும் இறக்குமதி செய்யச் சோம்பல்பட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓஜிஆர் எஃப்டிடபிள்யூ நிறுவினேன். பால் ராம்சே எழுதிய நீட்சி. ஜிடால் என்ற வரைபடக் கோப்பு நூலகத்துக்குப் படிக்கத் தெரிந்த கோப்பை ஃபாரின் டேபிளாக, அதாவது தரவு வெளியே கோப்பிலேயே இருக்க டேபிள் போல, காட்டும். என் லேப்டாப்பின் 'டி' டிரைவ் பாதையைக் கொடுத்தேன். திறக்க முடியவில்லை என்றது. சாய்வுக்கோடு தப்பா, எழுத்து தப்பா என்று முக்கால் மணி நேரம் போனது. டேட்டாபேஸ் ஓடுவதோ பக்கத்து அறை லினக்ஸ் சர்வரில்! என் 'டி' டிரைவை அது எங்கே கண்டது? சரி என்று அந்த சர்வரில் என் ஹோம் ஃபோல்டரில் கோப்பைப் போட்டேன். திரும்பவும் அதே பாட்டு. டேட்டாபேஸை ஓட்டும் 'போஸ்ட்கிரெஸ்' யூசருக்கு அந்த ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி இல்லை.

குறுக்குக்கோடு:
அண்ணே, நீங்க வாசல்லயே நின்னுட்டீங்க. நான் உள்ளே போய் மாட்டினேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கட்டடங்களை ஃபாரின் டேபிளாக்கி, வார்டு எல்லைகளோட எஸ்டி இன்டர்செக்ட்ஸ் (ரெண்டு வடிவம் தொடுதான்னு பாக்குற ஃபங்ஷன்) போட்டு ஜாயின் பண்ணேன். டீ குடிச்சிட்டு வந்தும் குவெரி ஓடிக்கிட்டே இருக்கு. ஃபாரின் டேபிளுக்கு நாம இண்டெக்ஸ் போட முடியாது. குறிப்பிட்ட ஒரு பெட்டியை '&&' குறியோட கேட்டா, அந்த வடிகட்டலை கோப்பைப் படிக்கிற ஜிடாலோட ஓஜிஆர் பகுதிகிட்டயே தள்ளிவிடும்; ஜாயின்ல அது நடக்கல, மொத்த வரிசையும் இழுத்துட்டு வந்துச்சு. கடைசியில மெட்டீரியலைஸ்டு வியூ (குவெரி முடிவை டேட்டாபேஸ்லயே சேமிச்சு வைக்கிறது), அது மேல இடத்தேடலுக்கான ஜிஸ்ட் இண்டெக்ஸ், ராத்திரி ஒரு ரெஃப்ரெஷ். இறக்குமதியே வேணாம்னு கிளம்பினவன், வேற பேர்ல அதையே பண்ணேன். ஆனா இப்ப ஒரே வரி வேலை.

வைகைக்கரை:
என் கதை கொஞ்சம் ஈரமானது. மதுரை, திண்டுக்கல் கிணறுகள், இரண்டு ஷேப்ஃபைல்கள். கொடுத்தவர்கள் ஆயமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பை அனுப்பவில்லை, எனவே எஸ்ஆர்ஐடி (ஆயமுறையின் எண்) வரவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்தானே என்று இரண்டுக்கும் யூடிஎம் 44-ஆம் மண்டலத்தின் எண்ணான 32644 போட்டேன். 78 டிகிரி தீர்க்கரேகை இரு ஊர்களுக்கும் நடுவில்தான் போகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. யூடிஎம் உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரிக்கிறது; அதில் மதுரை 44, திண்டுக்கல் 43. வரைபடத்தைத் திறந்தால் மதுரைக் கிணறுகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. திண்டுக்கல் கிணறுகள் மட்டும் 6 டிகிரி கிழக்கே தள்ளி, திருகோணமலையையும் தாண்டி வங்கக் கடலில் மிதக்கின்றன. எந்தக் குவெரியும் பிழை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. 32643 என்று மாற்றியதும் கரையேறின.

நிலவளவன்:
சிரிச்சு முடியல! அனுமதி கொடுத்ததும் எனக்கும் டேபிள் திறந்தது, ஆனால் ஏரிப் பெயரெல்லாம் கேள்விக்குறி. எழுத்துமுறையைச் சொல்லும் சிபிஜி கோப்பு இல்லை. எழுத்துமுறையை சர்வர் ஆப்ஷனில் யூடிஎஃப்-8 என்று சொன்னதும் தமிழ் வந்தது. ஃபீல்டு பெயர்கள் மட்டும் 10 எழுத்தோடு வெட்டுப்பட்டே நிற்கின்றன. ஷேப்ஃபைலின் பிறவிக் குணம். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஜியோபேக்கேஜ் கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.