நைட் ட்யூட்டியில் ஸ்ட்ரோக் நோயாளிகள்: பரிவைக் கையால் எப்படிச் செய்வது?

நைட்_சிஸ்டர் (கேள்வி)

வணக்கம். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 30 கட்டில், நைட்டில் சிஸ்டர் இரண்டே பேர். ஐந்தாறு பேர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருப்பவர்கள். ஆர்டி ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்), கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) உண்டு, சிலருக்குப் பேச்சும் இல்லை. ஊசி, வைட்டல்ஸ் (பிபி, நாடி, காய்ச்சல் பார்ப்பது), புது அட்மிஷன், ரெஜிஸ்டர் என்று விடிந்துவிடுகிறது. பரிவோடு பாருங்கள் என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அதை எந்த வேலையில், எப்படிக் காட்டுவது என்று சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது இந்த ஆள்பலத்தில் நடக்கிற காரியமா? பேச முடியாதவருக்கு வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டு ஆட்களிடம் எப்படிப் பேசுவது? "பொறுமையாக இருங்கள்" என்ற பதில் வேண்டாம், செய்முறை வேண்டும்.

வார்டு_இன்சார்ஜ்

திருப்புவதைத் தனி வேலையாக வைக்காவிட்டால் நடக்கும் சிஸ்டர். 10 மணி மருந்து, 12 மணி வைட்டல்ஸ், 2, 4, 6 என்று எப்படியும் கட்டிலுக்குப் போகத்தானே போகிறீர்கள்? அதே ரவுண்டில் இரண்டு பேரும் சேர்ந்து போய்த் திருப்பிவிடுங்கள். தனியாளாகத் திருப்பினால் இழுக்கத்தான் முடியும், தூக்க முடியாது. அந்த இழுப்புதான் ஆபத்து. தோல் துணியோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு நகரும், நடுவில் இருக்கிற ரத்தக் குழாய்கள் நசுங்கி முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கு மேலே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் கறுத்து நிற்கும்.

முறை இது. முதலில் யூரோபேக்கை (சிறுநீர் சேரும் பை) நோயாளியைத் திருப்பப்போகும் பக்கத்துக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டுத் திருப்பினால் கேத்தீட்டர் இழுபட்டு அவர் துடித்துப்போவார். ஃபீட் (ட்யூப் வழி உணவு) ஓடிக்கொண்டிருந்தால், அது முடிந்து தலைமாட்டை இறக்கும் நேரம் வந்த பிறகு கட்டிலைச் சமமாக்குங்கள். தோளிலிருந்து நடுத்தொடை வரை வருகிற டிரா ஷீட்டின் (உடம்புக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி) ஓரங்களை உடம்புக்கு நெருக்கமாகச் சுருட்டிப் பிடித்து, எண்ணிக்கை சொல்லி ஒரே நேரத்தில் தூக்குங்கள். திருப்புவது 30 டிகிரி சாய்வு போதும். முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மொத்த எடையும் இடுப்பு முட்டெலும்பின் மேல் இறங்கி, அங்கே புண் வரும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், அதற்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் கை தடையில்லாமல் போய்வர வேண்டும். ஃபீட் நேரம் தவிர, டாக்டர் வேறு சொல்லாதவரை, தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் ஆள் மெல்லச் சரிந்துகொண்டே வருவார், அடிமுதுகு தேயும்.

விழுந்த (பக்கவாதத்தில் செயலிழந்த) பக்கத்துத் தோளை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது, கையைப் பிடித்து இழுப்பது இரண்டும் கூடாது. தசை தாங்காத தோள்மூட்டு நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் பக்கம் படுக்கவைக்கலாம், தோளைக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டு, முழுக்கையும் தலையணையில் தாங்கும்படி வையுங்கள்.

நல்லது என்று நினைத்துச் செய்யும் சில பழக்கங்களை விட்டுவிட வேண்டும். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்ப்பது தோலை உலர்த்தும். சிவந்த எலும்பு மேட்டை அழுத்தித் தேய்த்தால் அடியில் இருக்கிற திசு இன்னும் சிதையும். ரப்பர் வளையத்தில் உட்காரவைத்தால், வளையம் அழுத்தும் இடமெல்லாம் ரத்த ஓட்டம் குறையும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கிளவுஸ் வைப்பதையும் சர்வதேசப் படுக்கைப்புண் வழிகாட்டி 2014-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மெக்கின்டாஷ் (ரப்பர்) ஷீட் நேரே தோலில் படக் கூடாது, வியர்வையில் தோல் ஊறிப்போகும். காற்று மெத்தை போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். அது சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, அடிமுதுகுக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும்.

நம் ஆட்களின் நிறத்தில் சிவப்பு தெரியாது. டார்ச் அடித்தாலும் ஏமாற்றும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அது புண்ணின் ஆரம்பம், அந்தப் பக்கம் அடுத்த சில முறை படுக்கவைக்காதீர்கள். முதுகுக்கு அடியில் கையை ஒருமுறை ஓட்டுங்கள். வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) மூடி, ஊசி மூடி, ஈசிஜி ஸ்டிக்கர் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பேச முடிந்தவர் உடனே சொல்லிவிடுவார். இவர் விடியும்வரை அதன் மேலேயே படுத்திருப்பார்.

பாலியேட்டிவ்_நர்ஸ்

வலி பற்றி. தொடுவதற்கு முன்னாலேயே வேலை ஆரம்பம். உணர்ச்சி இருக்கிற பக்கம், அவர் கண் போகிற பக்கம் நில்லுங்கள். சிலருக்கு ஒரு பக்கப் பார்வையே போயிருக்கும். அந்தப் பக்கமிருந்து திடீரென்று கை பட்டால் தூக்கிவாரிப்போடும், பிபியும் ஏறும். பெயரைச் சொல்லி, "ஐயா, இப்போ இடப்பக்கம் திருப்பப்போறோம், கொஞ்சம் அசைவு இருக்கும்" என்று சொன்ன பிறகு திருப்புங்கள். பேச்சு போனவர்களில் பலருக்குக் காது கேட்கும், பேச்சும் ஓரளவு புரியும். அதனால் அவர் தலைக்கு மேலே இரண்டு பேர் நின்றுகொண்டு "இந்தக் கேஸ் தேறாது" என்று பேசுவதுபோல் கொடுமை வேறில்லை.

ஆம், இல்லை என்பதற்கு ஒரு சைகை பிடியுங்கள். ஒருமுறை கண்ணை மூடினால் ஆம், அல்லது நல்ல கையால் ஒரு அழுத்து. அது நம்பத்தக்கதா என்று முதலில் சோதியுங்கள்: சரியான பெயரைச் சொல்லி ஒரு கேள்வி, தவறான பெயரைச் சொல்லி ஒரு கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தச் சைகையை நம்ப முடியாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அவருக்கு அந்த நேரம் வேண்டும். சைகை கிடைத்துவிட்டால் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். காலை ஷிஃப்ட் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

சைகையும் இல்லாதவருக்கு, டிமென்ஷியா நோயாளிகளுக்காக உருவான பெய்னாட் அளவுகோல் உதவும். மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. சும்மா இருக்கும்போது ஒருமுறை, திருப்பும்போது ஒருமுறை போட்டு இரண்டையும் எழுதுங்கள். ஸ்ட்ரோக்கில் ஒன்று கவனியுங்கள்: விழுந்த பக்க முகம் சரியாகச் சுளிக்காது. நல்ல பக்கத்துப் புருவத்தையும் வாயோரத்தையும் பார்த்து மார்க் போடுங்கள்.

இரவில் கை கால் உதறி, ட்யூபைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றால் உடனே கையைக் கட்டாதீர்கள். அடிவயிற்றைத் தொடுங்கள். கல்போல இருந்தால் கேத்தீட்டர் எங்கோ மடங்கியிருக்கலாம், பெரும்பாலும் தொடைக்கு அடியில். மலம் போய் எத்தனை நாள் ஆகிறது, வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, தோள் கோணலாக இருக்கிறதா என்று அடுத்தடுத்து பாருங்கள். காரணம் கிடைக்காவிட்டால், அல்லது புதிதாக மந்தம், வாந்தி இருந்தால், டாக்டரைக் கூப்பிடுங்கள். டிரெஸ்ஸிங் இருக்கிற நாளில், எழுதியிருக்கும் வலி மாத்திரையை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். டிரெஸ்ஸிங் முடிந்த பிறகு கொடுப்பதால் அவருக்கு என்ன பயன்?

நைட்_சிஸ்டர்

மிக்க நன்றி. முகத்தின் நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாது. இன்னொன்று: வாய் சுத்தம், ஆர்டி ஃபீட். கண் மறைந்தால் வீட்டு ஆட்கள் வாயில் பால் ஊற்றிவிடுகிறார்கள். என்ன சொன்னாலும் கேட்பதில்லை.

ஐசியூ_மணி

வாய்க்கு: ஒருக்களித்த நிலையில், தலையும் பக்கவாட்டில், சக்‌ஷன் (எச்சில் உறிஞ்சும் கருவி) கைக்கெட்டும் தூரத்தில். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷை நனைத்து உதறிவிட்டுத் தேயுங்கள். தண்ணீரை ஊற்ற வேண்டாம். விரலைப் பல்லுக்கு நடுவே விடாதீர்கள். விழுந்த பக்கக் கன்னத்தின் உட்பக்கம் பையாகத் தொங்கும். பழைய சோறு, மாத்திரைத் துண்டு அங்கே ஒட்டியிருக்கும், கட்டாயம் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது பிரஷ், ஒவ்வொரு திருப்பலுக்கும் ஈரத் துணியால் ஓர் ஒத்தடம்.

ஃபீட்டுக்கு: மூக்கருகே போட்ட மார்க் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ட்யூபிலிருந்து உறிஞ்சி எடுத்ததன் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். காற்றை ஊதி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் பழைய முறையை நம்பாதீர்கள், ட்யூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம். தலைமாடு 30 முதல் 45 டிகிரி. 200 மில்லியைப் பிஸ்டன் போட்டுத் தள்ளாமல், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து 15, 20 நிமிடத்தில் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தலைமாடு இறங்கக் கூடாது. அதனால் திருப்பல், சக்‌ஷன் எல்லாம் ஃபீட்டுக்கு முன்னால்.

பால் விஷயம்: விழுங்கும் பரிசோதனை இன்னும் செய்து முடிக்காதவருக்கு ஒரு ஸ்பூன்கூட ஆபத்து. இருமினால்தான் மூச்சுக்குழாயில் போனது என்று அர்த்தமில்லை, சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கி, அப்புறம் காய்ச்சலாகவும் நிமோனியாவாகவும் வெளிப்படும். ஆனால் "கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் ஒளித்துக் கொடுப்பார்கள். அப்பா பட்டினி கிடக்கிறார் என்ற தவிப்பு அது. ட்யூப் வழியாக என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போகிறது என்று தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்: ஈரத் துணியால் உதட்டை ஒத்துவது, மெல்லிசாக வாசலின் தடவுவது, நல்ல பக்கம் உட்கார்ந்து பேசுவது.

வார்டு_இன்சார்ஜ்

மணி தம்பி சொன்னதோடு ஒன்று. வீட்டு ஆட்களிடம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுங்கள். 2012-இல் வெளியான கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறிய ஆய்வு ஒன்றில், டாக்டர் நின்று பேசியதைவிட உட்கார்ந்து பேசியபோது கூடுதல் நேரம் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். உண்மையில் நேரம் கூடவில்லை. கோபமாக வந்தால், முதலில் அவர் சொல்வதை முடிக்க விடுங்கள். பிறகு நடந்ததை, நடக்கப்போவதை மணிக்கணக்கோடு சொல்லுங்கள்: "12 மணிக்குத் திருப்பினோம், 2 மணிக்கு மறுபடி வருவோம்." 2 மணிக்குப் புது அட்மிஷன் வந்து போக முடியவில்லையென்றால், தாமதமாகும் என்று ஆள் விட்டாவது சொல்லிவிடுங்கள்.

ஹேண்டிங் ஓவரில் (அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும்போது) பிபி, சர்க்கரையோடு நாலு விஷயம் சேருங்கள்: கடைசியாக எந்தப் பக்கம் படுத்தார், தோல் எங்கே சந்தேகம், ஆம் என்பதற்கு என்ன சைகை, கூட இருப்பவர் யார்.

நைட்_சிஸ்டர்

கடைசியாக ஒன்று அக்கா, எங்கள் வார்டில் டிரா ஷீட் எப்போதும் பற்றாக்குறை.

வார்டு_இன்சார்ஜ்

வீட்டிலிருந்து பழைய பருத்தி வேட்டி இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். நான்காக மடித்துத் தோளிலிருந்து நடுத்தொடை வரை வருகிறதா என்று பாருங்கள். மடிப்பு முனை முதுகுக்கு அடியில் வராமல் இரு பக்கமும் ஒரு முழமாவது வெளியே நிற்கட்டும், பிடிக்க அது வேண்டும். நைந்த வேட்டி வேண்டாம், தூக்கும்போது கிழியும். தையல், கரை உள்ள ஓரத்தை உடம்புக்கு அடியில் விடாதீர்கள். நனைந்தால் உடனே மாற்ற இரண்டாவது வேட்டி. துவைத்து நன்றாக வெயிலில் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.