ஃபாஸ்ஃபேட் கசிகிறது, எஃப்ஜிஎஃப்23 உயர்வு, பெட் ஸ்கேனில் கட்டி இல்லை: அடுத்து எங்கே தேடுவது?

முல்லை:
45 வயது ஆண். இடுப்பு வலி, ஆடி ஆடி நடை, இரு தொடை எலும்புக் கழுத்திலும் விரிசல். சீரம் ஃபாஸ்ஃபேட் 1.4 மி.கி., கிரியேட்டினின் 0.7, கால்சியம் இயல்பு. எஃப்ஜிஎஃப்23 (சிறுநீரில் ஃபாஸ்ஃபேட்டை வெளியேற்ற வைக்கும் ஹார்மோன்) உயர்வு. ஏதோ கட்டி அதைச் சுரந்து ஆஸ்டியோமலேசியா (எலும்பு மென்மையாதல்) வந்திருக்கிறது என்று சந்தேகம். எஃப்டிஜி பெட்-சிடியில் (சர்க்கரை போன்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) விலா எலும்புகளில் மட்டும் பல புள்ளிகள். கேலியம்-68 டோட்டாடேட் (சொமாட்டோஸ்டாட்டின் ஹார்மோனின் ஏற்பிகளில் ஒட்டும் கதிரியக்கப் பொருள்) பெட் ஸ்கேன் கேட்கலாமா?

உப்புக்கணக்கு:
கேட்கலாம், ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் இரும்பு ஊசி போட்டார்களா? அதுவே எஃப்ஜிஎஃப்23-ஐ ஏற்றி இதே நிலையைக் காட்டும், ஸ்கேனே தேவைப்படாது. சிறு வயதிலேயே கால் வளைவு, குடும்பத்தில் குட்டையானவர்கள் என்றால் பரம்பரை வகையை நினையுங்கள்.

அடுத்து, ஃபாஸ்ஃபேட் மருந்தை நிறுத்தி, வெறும் வயிற்றில் காலை இரண்டாவது சிறுநீரும் ரத்தமும் ஒரே நேரத்தில் எடுங்கள். சிறுநீர் ஃபாஸ்ஃபேட் 40, கிரியேட்டினின் 60 என்று வைத்தால் (40×0.7)/(60×1.4) = 0.33 பங்கு வெளியேறுகிறது, மீளுறிஞ்சல் 0.67. அதை 1.4-ஆல் பெருக்கினால் டிஎம்பி/ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ஃபாஸ்ஃபேட்டைத் திரும்ப உறிஞ்சும் திறனின் அளவு) ஏறக்குறைய 0.9. பெரியவர்களுக்கு 2.5-க்கு மேல் இருக்க வேண்டும். கசிவு சிறுநீரகத்தில்தான் என்பது இப்படி உறுதியாகும்.

காமா அறை:
டோட்டாடேட் சரியான தேர்வு. இந்தக் கட்டிகளில் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகள், குறிப்பாக 2-ஆம் வகை, ஏராளம். பெரும்பாலும் கோட்டை விடுவது படமெடுக்கும் எல்லையில். வழக்கமான பெட் மண்டையோட்டு அடியிலிருந்து தொடை நடு வரைதான். இந்தக் கட்டியோ பாதத்திலும், தொடையிலும், மூக்குப் புழையிலும், தாடையிலும் ஒளிந்திருக்கும், பல நேரம் ஒன்றிரண்டு செ.மீ. கூட இருக்காது. எனவே கோரிக்கைத் தாளில் "உச்சந்தலை முதல் கால் விரல் நுனி வரை, இரு கைகளும் படத்துக்குள்" என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் கால் விடுபடும்.

உங்கள் விலா எலும்புப் புள்ளிகள் முறிவுகளாகவே இருக்கும். ஆறிவரும் முறிவு டோட்டாடேட்டையும் லேசாக ஏற்கும். வரிசையாக, மங்கலாக இருந்தால் முறிவு. ஒற்றைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தால் கட்டி என்று சந்தேகியுங்கள். சைனஸ் அழற்சியும் ஏமாற்றும். மாத ஊசியான ஆக்ட்ரியோடைட் (அதே ஏற்பிகளில் ஒட்டும் மருந்து) போட்டிருந்தால் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ஸ்கேன் வையுங்கள்.

முல்லை:
இரும்பு ஊசி இல்லை, கசிவு உறுதி. தலை முதல் கால் வரை எடுத்ததில் இடது குதிகாலில் பளிச்சென்று ஒன்று, வலது மேல்தாடை சைனஸில் மங்கலாக ஒன்று. நேராக அறுவையா?

உப்புக்கணக்கு:
குதிகாலுக்கு எம்ஆர்ஐ, சைனஸுக்கு சிடி முதலில். அதற்குப் பிறகும் குழப்பம் என்றால்தான் சிரை மாதிரி: அந்தக் காலின் சிரையில் எஃப்ஜிஎஃப்23 பொது ரத்தத்தைவிட 1.6 மடங்குக்கு மேல் இருந்தால் கட்டிக்குச் சாதகம். படத்தில் எதுவுமே தெரியாதபோது இதை வலைவீச்சாகச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அறுவையில் சுரண்டி எடுப்பது எலும்புக்குள் மிச்சம் வைக்கலாம், திரும்ப வரலாம். ஓரத்தில் நல்ல திசுவோடு அகலமாக வெட்டச் சொல்லுங்கள். முழுதாக வந்துவிட்டால் ஃபாஸ்ஃபேட் சில நாளிலேயே ஏறும், அதனால் தினமும் பார்த்து மாத்திரையை நிறுத்துங்கள். அதுவரை ஃபாஸ்ஃபேட்டைத் தனியாகக் கொடுக்காமல் கால்சிட்ரியாலோடு கொடுங்கள், இல்லையென்றால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கக் கிளம்பிவிடும். தொடை எலும்புக் கழுத்து விரிசலை எலும்பு மருத்துவர் இப்போதே பார்க்கட்டும்.