அதிமதுரம் கடித்தவர்கள் சொல்கிறார்கள்

காசிமேடு

என் சித்தப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவர். விடியற்காலையில் ஐஸ் பெட்டிகள் இழுபடும் சத்தத்துக்கு மேலே விலையைக் கூவ வேண்டும். தொண்டை கட்டாத நாள் குறைவு. யாரோ சொன்னார்கள் என்று பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் அதிமதுரம் வாங்கிவந்தார். விரல் நீளக் குச்சி. வெளியே பழுப்பு, கடித்தால் உள்ளே மஞ்சள் நார். முதலில் மண் வாசனை, பிறகு நாக்கில் ஊறி வெகுநேரம் தங்கும் இனிப்பு. கரகரப்பு அடங்கியது உண்மை. அந்தத் தெம்பில் வெற்றிலையை விட்டுவிட்டு, நாள் முழுக்க இதையே கடைவாயில் அடக்கத் தொடங்கினார். சித்திக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

பிறகு கணுக்கால் வீங்கியது. படியேறினால் தொடை துவண்டது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர், அதில் சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் நீர் மாத்திரையும் உண்டு. பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. ஊறுகாய், கருவாடு என்று விசாரித்துக்கொண்டே வந்த மருத்துவர், "வாயில் என்ன?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்த இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் அளவு மீறினால் உடம்பில் உப்பைத் தங்கவைத்து, சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். நீர் மாத்திரையில் பல வகைகளும் பொட்டாசியத்தைக் குறைப்பவைதான். குச்சியை நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. ஐரோப்பாவில் கிளைசிரைசினுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு சொல்லியிருக்கிறார்கள். இங்கே "நாட்டு மருந்துதானே" என்று கை நிறைய அள்ளுகிறோம். எனக்கு எரிச்சல் அதில்தான்.

பெரம்பூர்

எனக்கு நல்ல அனுபவம். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து நிபுணர் அதிமதுரம் கலந்த நீரால் கொப்பளிக்கச் சொன்னார். சுவாசக் குழாய் வைத்து எடுத்தால் வருகிற தொண்டை வலி இதனால் குறைவதாக ஆய்வுகளும் உண்டு. எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. துப்பிவிடுவதால் உள்ளே போவதும் சொற்பம்.

பழைய வண்ணாரப்பேட்டை

நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பொடியாக வாங்காதீர்கள். குன்றிமணிக் கொடியின் வேரும் இனிக்கும். பொடித்துவிட்டால் எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. குச்சியாக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு என்றால் நான் கொடுப்பதில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டுவிடுகிறேன். "விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு.