ராமநவமிப் பானகம்: 200 பேருக்கு அளவு சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ராமநவமியன்று எங்கள் தெருக் கோயில் வாசலில் பானகமும் நீர்மோரும் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சுமார் 200 பேர் வருவார்கள். நீர்மோரைப் பற்றிக் கவலையில்லை. இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்தால் ஆயிற்று. ஊறவைத்த பாசிப்பருப்பில் மாங்காய் துருவிப்போட்ட வடைப்பருப்பைப் பக்கத்து வீட்டு மாமி ஏற்றுக்கொண்டுவிட்டார். பானகம்தான் உதைக்கிறது.

வீட்டில் ஒரு கிண்ணம் பொடித்த வெல்லத்துக்கு நான்கு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு. ஆளுக்கு 150 மில்லி என்றால் 30 லிட்டர் வேண்டும். சுக்கையும் அதே கணக்கில் பெருக்கினால் தொண்டையைப் பிடிக்காதா? வெல்லம் எத்தனை கிலோ வாங்கலாம்? மண் இருக்கும் என்பதால் கரைத்து, துணியில் வடிகட்டத்தான் போகிறேன். பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை கூடினாலும் கசக்கும். அண்டாவுக்கு எவ்வளவு போடுவது?

இன்னொன்று: காலையில் கரைத்தது இந்த வெயிலில் மதியம்வரை புளிக்காமல் இருக்குமா? ஐஸ் போடச் சொல்லாதீர்கள், மண்பானைதான். கோயில்களில் கரைத்துப் பழகியவர்கள் யாராவது சனிக்கிழமைக்குள் சொன்னால், அன்று மாலையே மளிகைக் கடைக்குப் போய்விடுவேன்.