"கையாள்திறன்" போதுமா? லப்பரஸ்கோப்பிக் கருவிக்கு ஒரு சொல்

வணக்கம். லப்பரஸ்கோப்பிக், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் உள்நோக்கிச் சத்திரசிகிச்சை பற்றிய விரிவுரைக் குறிப்பில், கருவியின் நுனியை வேண்டியபடி அசைக்க முடிவதை "கருவியின் கையாள்திறன்" என்று போட்டிருக்கிறோம். வாசிப்பவருக்கு அது வைத்தியரின் திறமையா, கருவியின் இயல்பா என்று பிரியவில்லை. "திருப்புதிறன்" சரிவருமா?

> "திருப்புதிறன்" சரிவருமா?

சரிவராது ஐயா. எங்கள் பாடப்புத்தகத்தில் திருப்பம் என்றால் விசையின் திருப்பம். உயர்தரம் படித்த பிள்ளை உடனே நியூற்றன் மீற்றரைத் தேடும். "வளைதிறன்" இன்னும் மோசம். கருவியின் 5 மி.மீ. விட்டமுள்ள தண்டு வளைவது குறைபாடு. ஈரலை விலக்கும்போது தண்டு வளைந்தால், கை அசைந்தும் நுனி நின்ற இடத்திலேயே நிற்கும்.

> தண்டு வளைவது குறைபாடு

உண்மை. சொல்லைத் தேடுமுன் இடைஞ்சல் எங்கே என்று பார்ப்போம். துறோக்கார் (கருவியை உள்ளே விடும் குழாய்) போட்ட துளைதான் பொறுதி (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: ஆதாரப்புள்ளி). கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும். நேர்க்கருவிக்கு மிஞ்சுவது நான்கு அசைவு: மேல்-கீழ், இட-வலம், உள்-வெளி, தன் அச்சில் சுழல்வு. தண்டில் பாதி உள்ளே என்றால் கையும் நுனியும் சமமாக நகரும். மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போனால் நுனி இருமடங்கு நகரும், கைநடுக்கமும் அப்படியே பெருகும். மூன்றில் ஒன்றுதான் உள்ளே என்றால், தோளைத் தூக்கி அசைத்தாலும் நுனி பாதித் தூரந்தான் போகும்.

ஆகவே துளை போடும் இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். இரு கைகளிலும் பிடிக்கும் கருவிகளுக்கு இடைக்கோணம் 60 பாகையளவில் இருந்தால் நல்லது; 45க்குக் கீழே போனால் தண்டுகள் முட்டுப்படத் தொடங்கும், தையல் சிரமம்.

நுனியில் மணிக்கட்டுப் போல மூட்டு வைத்தால் இரண்டு அசைவு கூடும். டாவின்சி என்ற சத்திரசிகிச்சை இயந்திரத்தின் கருவியில், நுனித் தாடையின் திறப்பையும் சேர்த்து ஏழு அசைவு என்று எண்ணுவார்கள். ஆனால் மூட்டை இழுப்பது மெல்லிய கம்பிவடம். அது தளர்ந்தால் பிடி திரும்பிய பிறகுதான் நுனி திரும்பும். மடங்கிய நுனியை அப்படியே வெளியே இழுக்கவும் ஏலாது. நேராக்கித்தான் எடுக்கவேணும், இல்லையேல் துறோக்கார் வாயில் கொழுவும்.

இதெல்லாம் நுனிக்கு வந்து சேரும் கட்டுப்பாடு. என் தெரிவு: நுனியாட்சி.

> நுனியாட்சி

"ஆட்சி" கண்டதும் மாகாணசபை ஞாபகம் வருகிறது. இருந்தாலும் சொல் நிற்கும். மூட்டு வளைவதை "மூட்டசைவு" என்று தனியே வைத்தால், "மூட்டசைவு இல்லாத நேர்க்கருவி, துளை சரியாக அமைந்ததால் நல்ல நுனியாட்சி" என்று குழப்பமில்லாமல் எழுதலாம். "கையாள்திறன்" வைத்தியருக்கே இருக்கட்டும்.

நல்லது. குறிப்பில் மாற்றிவிடுகிறேன்: "உள்நோக்கிச் சத்திரசிகிச்சையில் நுனியாட்சியை மேம்படுத்தல்". கம்பிவடத் தளர்வுக்கும் ஒரு சொல் வேணும். "பிந்தல்" என்று தற்காலிகமாகப் போடுகிறேன்.