பூனை முகத்தைத் திருப்பினால்: சாப்பாடு, தண்ணி, எலி, மணல் பற்றி வன்னியிலை ஐஞ்சு ஊர் ஆக்கள் சொன்ன அனுபவங்கள்

மாங்குளம்:
வைச்ச சாப்பாட்டை மணந்துபோட்டு விலகிற பூனையைக் "கொழுப்பு" எண்டு ஏசுறதுக்கு முதல், சாப்பாட்டின்ரை சூட்டைப் பாருங்கோ. பூனைக்கு ருசிக்கிற சூடு, அப்பத்தான் பிடிச்ச எலியின்ரை உடம்புச் சூடு, கிட்டத்தட்ட 37 பாகை. நாக்கை விட மூக்கை நம்பித்தான் அது சாப்பிடும். குளிர்ப்பெட்டியிலை இருந்து எடுத்த மீனிலை வாசம் எழும்பாது. ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணி விட்டுப் பிசைஞ்சு வையுங்கோ. தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச பூனை பட்டினி கிடக்கிறதும் இதாலைதான். பட்டினி இரண்டு நாளைத் தாண்டினா ஈரலிலை கொழுப்புப் படியத் தொடங்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

சாளை, சூடை இனத்து மீன் சிலதிலை விற்றமின் பி1 ஐ அழிக்கிற நொதியம் இருக்கு. அந்த மீனை நாளாந்தம் பச்சையாக் குடுத்தா, பூனை தள்ளாடி நடக்கும், தலை நெஞ்சுப் பக்கம் வளையும், வலிப்பும் வரும். உப்பில்லாம அவிச்சா நொதியம் அழிஞ்சுபோம். முள்ளை எடுத்துப்போட்டு வையுங்கோ.

புதுக்குடியிருப்பு:
அண்ணை சொன்னதோடை இதையும் சேருங்கோ. குழம்பு மீனைக் கழுவிக் குடுத்தாச் சரி எண்டு நினைக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். வெங்காயமும் உள்ளியும் ஊறின குழம்பு மீனுக்குள்ளை இறங்கியிருக்கும். அது சிவப்பணுக்களை உடைக்கும். உதட்டைத் தூக்கிப் பல்லு முரசைப் பாருங்கோ: இளஞ்சிவப்பா இருக்கவேணும், வெளிறியிருந்தா விஷயம் பெரிசு.

வளர்ந்த பூனைக்குப் பசுப்பாலும் வேண்டாம், கனக்கப் பூனைகளுக்கு வயித்தாலை போகும். தண்ணி காணும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலை வைச்ச தண்ணியை விட்டுட்டுக் கிணத்தடி வாளியைத் தேடிப் போற பூனைகள் கனக்க. தட்டிலை இருந்து ஐஞ்சாறு அடி தள்ளி, நிழலிலை, வாய் அகலமான மண்சட்டியை விளிம்பு மட்டும் நிரப்பி வையுங்கோ. ஒடுங்கின கிண்ணத்திலை மீசை இடிபடுறது சில பூனைக்குப் பிடியாது.

பரந்தன்:
பட்டினி போட்டாத்தான் எலி பிடிக்கும் எண்டுறது பிழை. வேட்டைக் குணம் பசியிலை தங்கியிருக்கேல்லை. வயிறு நிறைஞ்ச பூனையும் எலியைப் பிடிச்சுக் கொண்டந்து வாசலிலை போடும்.

நான் பயப்பிடுறது காலபோக அறுவடை முடிஞ்சு நெல்லு மூட்டை வீட்டுக்கு வாற மாசி, பங்குனிக்குத்தான். இரத்தத்தை உறையவிடாத எலி மருந்தைத் திண்ட எலி உடனே சாகாது. சில நாள் மந்தமாத் திரியும், பூனைக்கும் லேசாப் பிடிபடும். அந்த எலியைத் திண்ட பூனையிலையும் குணங்குறி உடனே தெரியாது. இரண்டு, மூண்டு நாளாலை சோர்வு, மூச்சிழுப்பு, வெளிறின முரசு, சிலவேளை மூக்காலை இரத்தம். இதுக்கு விற்றமின் கே1 மருந்து இருக்கு, மிருக வைத்தியரிட்டைப் போகேக்கை எலி மருந்துப் பெட்டியையும் கொண்டுபோங்கோ. உப்புத்தண்ணி பருக்கி வாந்தி எடுக்க வைக்காதேங்கோ, அந்த உப்பே பூனையைக் கொல்லும். செத்த எலியை ஆழமாத் தாட்டுவிடுங்கோ.

முள்ளியவளை:
காய்ச்சல் எண்டு பூனைக்குப் பனடோல் (பரசிற்றமோல்) குடுக்கிற பழக்கமும் இருக்கு. 500 மில்லிகிராம் குளிசையிலை பாதியே ஒரு பூனையைச் சாக்கொல்லக் காணும். குழந்தையளுக்குக் குடுக்கிற பனடோல் பாணியும் அதே மருந்துதான்.

வீட்டுக்குள்ளை கண்ட இடத்திலை பூனை மலசலம் கழிக்குதெண்டா அடிக்காதேங்கோ. அது கழிக்கிறதுக்கு வைக்கிற பெட்டியிலை நுண்மணல் 5 சதமமீற்றராவது இருக்கவேணும், ஒவ்வொரு நாளும் அள்ளவேணும், பினைல் ஊத்தக்கூடாது. பெட்டியைச் சாப்பாட்டுப் பக்கம் வைச்சா அதிலை கழியாது. கடுவன் பூனை திரும்பத் திரும்பப் போய்க் குந்தி முக்கி, ஒரு துளியும் வரேல்லை எண்டா, அது மலச்சிக்கல் இல்லை, சலக்குழாய் அடைப்பு. விடியட்டும் எண்டு வைச்சிருக்காதேங்கோ.

நெடுங்கேணி:
முள்ளியவளை அக்கா, பெட்டிப் பக்கமே போகாத பூனைக்கு, அது மலசலம் கழிச்ச இடத்து மண்ணிலை ஒரு சிரட்டை அள்ளிப் புது மணலோடை கலந்து பாருங்கோ. தன்ரை மணம் இருந்தாத் திரும்ப வரும்.

வேலியோரத்துக் குப்பைமேனியைப் பிடுங்கினா, பூனை ஓடிவந்து வேரிலை கன்னத்தைத் தேய்ச்சு, கடிச்சு, உருளும். வேர் மணத்துக்குத்தான் அந்த மயக்கம், கொஞ்ச நேரத்திலை தெளிஞ்சுபோம். பாயைப் பிறாண்டுற பூனைக்கு, ஆடாம நட்ட மூண்டடிக் கட்டையிலை கயிறு சுத்தி, அந்த வேரை நல்லாத் தேய்ச்சுவிடுங்கோ. கட்டை ஆடினா ஒருக்காத் தொட்டுட்டு விட்டிடும்.